ஒரு கிலோ உப்பு எத்தனை நாளைக்கு? தமிழ்நாடு உப்புக் கழகத்துக்கும் பொது சுகாதாரத் துறைக்கும் ஒரு மளிகைக்கடைக்காரரின் திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. சின்ன ஊரில் மளிகைக்கடை வைத்திருப்பவன். ஒரு வீட்டில் எவ்வளவு உப்பு தின்கிறார்கள் என்று கண்டுபிடிக்க மருத்துவர்கள் 24 மணி நேரச் சிறுநீரைப் பிடித்து வைத்து அளக்கிறார்கள். எங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. மாசச் சாமான் லிஸ்ட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டின் லிஸ்ட்டில் துவரம் பருப்பு ஒரு மாதம் கூடும், ஒரு மாதம் குறையும். எண்ணெய் விலை ஏறினால் இரண்டு லிட்டர் ஒன்றரையாகும். உப்பு மட்டும் அசையவே அசையாது. மாதம் ஒரு கிலோ. அதை நான்கு பேருக்கும் முப்பது நாளைக்கும் வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8.3 கிராம் வருகிறது. சென்னையில் பெரியவர்களிடம் நடத்தி 2007-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, சராசரியாக ஒருவர் நாளொன்றுக்கு 8.5 கிராம் உப்பு சாப்பிடுகிறார் என்றது. என் பற்று நோட்டும் அந்த ஆய்வும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்தான்.

கணக்கில் ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். மீன் கழுவுவதில் ஒரு கைப்பிடி போகும். மாங்காய்ப் பருவத்தில் ஊறுகாய் போடுகிற வீடு இரண்டு கிலோ கூடுதலாக வாங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பெரியவர் அளவுக்கு உப்பு உள்ளே போகாது. மறுபக்கம் பாருங்கள். அப்பளம், கருவாடு, மிக்சர், சிப்ஸ், நூடுல்ஸ், ஓட்டல் பரோட்டா சால்னா, இவற்றில் வருகிற உப்பு எதுவும் அந்த ஒரு கிலோவில் சேராது. கழித்துக் கூட்டினால் 8 கிராமுக்குக் கீழே போகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். உப்பில் இருக்கும் சோடியமாகக் கணக்கிட்டால் 2 கிராம். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் அதே 5 கிராமைத்தான் வைத்திருக்கிறது. அந்தக் கணக்குப்படி நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம் போதும். ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வரவேண்டும். என் கடையில் ஐம்பது நாளைக்கு ஒருமுறை உப்பு வாங்குகிற குடும்பம் என்று யாரையும் என்னால் சட்டென்று சொல்ல முடியவில்லை.

உடம்புக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று கேட்டால் விடை இன்னும் சிறியது. ஒரு நாளைக்கு அரை கிராம் சோடியம்கூட வேண்டாம் என்கிறார்கள். உப்பாகக் கணக்கிட்டால் ஒன்றேகால் கிராம். பிரேசில், வெனிசுவேலா எல்லையில் அமேசான் காட்டில் வாழும் யானோமாமி மக்கள் சமையலில் உப்பே சேர்ப்பதில்லை. 1988-ல் வெளியான 32 நாட்டு ஆய்வில் அவர்களுடைய ரத்த அழுத்தம் சராசரியாக 96/61 என்று பதிவானது. வயது ஏற ஏற அழுத்தமும் ஏறும் என்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோமே, அது அவர்களிடம் நடக்கவில்லை. உணவில் சோடியம் குறைந்தால் சிறுநீரகம் அதை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அது கூடும்போதுதான் சிக்கல். சோடியம் தண்ணீரை இழுத்துப் பிடிக்கும், ரத்தத்தின் கன அளவு கூடும், குழாயில் அழுத்தம் ஏறும். நம்மை யானோமாமி ஆகச் சொல்லி இந்த மடல் எழுதவில்லை. ரசத்தில் உப்பில்லாமல் எனக்கும் சோறு இறங்காது.

"வெயிலில் வேலை செய்கிறவனுக்கு உப்பு வேண்டாமா அண்ணாச்சி?" என்று சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு லிட்டர் வியர்வையோடு 2 கிராம் அளவுக்கு உப்பு போகலாம், சிலருக்கு அதைவிட அதிகமாகவும் போகும். சித்திரை வெயிலில் கம்பி கட்டுகிறவருக்கும் உப்பளத்தில் வாருகிறவருக்கும் நீராகாரத்தில் உப்புப் போட்டுக் குடிப்பது சரியான பழக்கம்தான். ஆனால் அதே அளவு உப்பை மின்விசிறிக்குக் கீழே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் நானும் சாப்பிடுகிறேன். ஒரே வீட்டில் கூலி வேலைக்குப் போகும் மகனுக்கும் திண்ணையில் இருக்கும் எழுபது வயது தாத்தாவுக்கும் ஒரே சட்டியில்தான் குழம்பு.

இந்த ஒரே சட்டி விஷயம் உங்கள் துண்டுப் பிரசுரங்களில் இருப்பதில்லை. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எங்கள் பக்கம் நன்றாகவே நடக்கிறது. சுகாதாரத் தன்னார்வலர் வீடு வீடாக வந்து பிரஷர் பார்க்கிறார், மாத்திரை தருகிறார், "உப்பைக் குறைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அப்புறம் அந்த வீட்டம்மா நேராக என் கடைக்கு வருகிறார்.

"அண்ணாச்சி, இந்துப்பு இருக்கா? பிரஷர்காரங்களுக்கு அதுதான் நல்லதாமே."

"அதுவும் உப்புதாம்மா. கலர்தான் வேற."

"போங்க அண்ணாச்சி, போன்ல டாக்டரே சொல்றாரு."

போனில் சொன்னவர் எந்த டாக்டரோ தெரியாது. இந்துப்பும் ஏறக்குறைய முழுக்கச் சோடியம் குளோரைடுதான். பாறையிலிருந்து வெட்டி எடுத்தது, அவ்வளவே. விலை பல மடங்கு. அயோடின் சேர்க்காமலே விற்பதும் உண்டு. கல்லுப்புக் கதையும் அதுதான். தூள் உப்பைவிடக் கல்லுப்பில் சோடியம் குறைவு என்று நம்புகிறவர்கள் ஏராளம். கல்லாக இருப்பதால் ஒரு ஸ்பூனில் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும் என்பதைத் தவிர வேறு வித்தியாசம் சொல்ல முடியாது. குறைக்க வேண்டும் என்ற எண்ணம் மக்களிடம் இருக்கிறது. எதை வைத்துக் குறைப்பது என்று யாரும் காட்டாததால் அந்த எண்ணமும் காசும் இந்துப்புக்குப் போகின்றன. விற்கிற எனக்கு லாபம்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

வெறும் "குறையுங்கள்" என்ற அறிவுரை ஏன் எடுபடுவதில்லை என்றும் எனக்குத் தெரியும். மேலை நாடுகளில் உப்பின் பெரும்பகுதி ரொட்டி, சீஸ், பதப்படுத்திய இறைச்சி என்று ஆலையிலிருந்து வருகிறது. பிரிட்டனில் ரொட்டிக் கம்பெனிகளை உட்கார வைத்துப் பேசி, யாருக்கும் தெரியாமல் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 9.5 கிராமாக இருந்த உப்பு 2011-ல் 8.1 ஆனது. சாப்பிட்டவர்களுக்கு நாக்கில் எதுவும் தெரியவில்லை. நம் நாட்டில் ஆலை என்று எதைப் பிடிப்பது? உப்பின் பெரும்பங்கு அடுப்படியில், அம்மாவின் கையால் விழுகிறது. கை அளவு இருபது முப்பது வருடப் பழக்கம். மாமியாரும் பிள்ளைகளும் "இன்னிக்கு உப்பு பத்தலையே" என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுநாள் பழைய அளவு வந்துவிடும். தாத்தாவுக்குத் தனியாகச் சமைக்க எந்த வீட்டில் நேரம் இருக்கிறது?

கை அளவை மாற்றுவது கஷ்டம் என்றால், கையில் இருக்கும் உப்பையே மாற்றிவிடலாம். சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று இருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நான்கில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேலே, சோடியம் குளோரைடுக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. விவசாயிகளுக்கு நன்றாகத் தெரிந்த பொருள்தான். வயலுக்குப் போடும் பொட்டாஷும் அதுவே, இங்கே சாப்பிடும் தரத்துக்குச் சுத்திகரித்துச் சேர்க்கிறார்கள். (பொட்டாஷ் மூட்டையை யாரும் அடுப்படிக்குக் கொண்டுபோக வேண்டாம்.)

சீனாவின் வடக்குப் பகுதியில் 600 கிராமங்களை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்தார்கள். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்கள் அல்லது 60 வயதைத் தாண்டிய, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், மொத்தம் சுமார் 21,000 பேர். பாதிக் கிராமங்களுக்கு 75 பங்கு சாதாரண உப்பும் 25 பங்கு பொட்டாசியம் உப்பும் கலந்ததைக் கொடுத்தார்கள். மீதிப் பாதியில் வழக்கமான உப்பு. ஐந்து ஆண்டு போல் காத்திருந்து எண்ணிப் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது: உப்பு மாற்றிய கிராமங்களில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு, மொத்த மரணங்கள் 12 சதவீதம் குறைவு. வகுப்பு எடுக்கவில்லை, சமையலை மாற்றச் சொல்லி நச்சரிக்கவில்லை. கொடுத்த பாக்கெட் மட்டும் வேறு.

சீனாக்காரன் சமையல் வேறு, நம் சமையல் வேறு என்று சொல்வீர்களோ என்று நம் தென்னிந்தியாவிலும் தேடிப் பார்த்தேன். தெலங்கானாவின் சித்திபேட்டை மாவட்டக் கிராமங்களில் உயர் ரத்த அழுத்தம் உள்ள 502 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு 30 சதவீதம் பொட்டாசியம் உப்பு கலந்ததைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றே மாதத்தில், சாதாரண உப்பு வாங்கியவர்களைவிட இவர்களுக்குப் பிரஷரின் மேல் அளவு (முதலில் சொல்லும் எண்) 4.6 புள்ளி கூடுதலாக இறங்கியது. அங்கேயும் புளியும் காரமும் போட்ட குழம்புதான்.

சரி, இவ்வளவு நல்ல உப்பு என் கடையில் இருக்கிறதா? இல்லை. எதற்கு மூடி மறைக்க வேண்டும்? சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் சென்னையில் 300 கடைகளில் கணக்கெடுத்தது. 2025-ல் செய்தி வந்தது. மொத்தத்தில் 28 சதவீதக் கடைகளில்தான் சோடியம் குறைந்த உப்பு கிடைத்தது. சூப்பர் மார்க்கெட்டுகளில் பாதிக்குச் சற்று மேல், 52 சதவீதம். எங்களைப் போன்ற சின்ன மளிகைக்கடைகளில் வெறும் 4 சதவீதம். அதன் சராசரி விலை அப்போது 100 கிராமுக்கு 5.60 ரூபாய். சாதாரண அயோடின் உப்பு 2.70. தலைநகரத்திலேயே இந்த நிலை என்றால் எங்கள் ஊரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அந்த நிறுவனம் உப்பைக் குறைப்பதற்கான மூன்றாண்டு ஆய்வைப் பஞ்சாபிலும் தெலங்கானாவிலும் நடத்துகிறது. அலுவலகம் நம் ஊரில், வேலை அங்கே. அங்கே நடப்பது நல்லதுதான். இங்கேயும் நடக்கக்கூடாதா என்ற ஆதங்கம்தான் எனக்கு.

கடைக்காரன் ஏன் வாங்கி வைப்பதில்லை என்று கேட்டால், உப்பு கமிஷன் தருகிற சரக்கு இல்லை. இடத்தை அடைக்கும், மழைக்காலத்தில் ஓரம் கிழிந்த பாக்கெட் நீர்த்துக் கட்டியாகும், பக்கத்தில் இருக்கிற சர்க்கரை மூட்டையையும் கெடுக்கும். ஆனாலும் வைத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை உப்பு வாங்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது. புது வீட்டுக்கு முதலில் போகிற சாமானும் அதுவே. விளக்கு வைத்த பிறகு உப்பு கேட்டால் தரமாட்டேன் என்கிற கடைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட பொருளில் இரண்டு மடங்கு விலைப் பாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தால், "உப்புக்குப் போய் இவ்வளவா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஏஜென்சி சேல்ஸ்மேனும் சின்னக் கடைக்கு அதைக் காட்டுவதே இல்லை. கேட்டால், "அது மூவ் ஆகாது அண்ணாச்சி" என்பார். கேட்பார் இல்லை என்பதால் வருவதில்லை, வராததால் கேட்பாரும் இல்லை.

இங்கேதான் உப்புக் கழகத்தாரிடம் பேச வேண்டியிருக்கிறது. 1974-ல் தொடங்கிய அரசு நிறுவனம் நீங்கள். ராமநாதபுரம் மாவட்டம் வாலிநோக்கத்தில் உங்களுக்கு உப்பளம் இருக்கிறது. இரும்புச்சத்தும் அயோடினும் சேர்த்த உப்பைச் சத்துணவுக்குக் கொடுத்துவருகிறீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 2014-ல் 'அம்மா உப்பு' வந்தபோது அதில் மூன்று வகை இருந்தது. ஒன்று சோடியம் குறைந்த உப்பு! சீனாவின் ஆய்வு முடிவு வருவதற்கு ஏழு ஆண்டு முன்பே, இந்தியாவில் பலர் யோசிக்காத காலத்திலேயே நீங்கள் பாக்கெட் போட்டுவிட்டீர்கள். அப்போது அதன் விலை கிலோ 21 ரூபாய், சாதாரண உப்பு 10 ரூபாய். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய அரசு நிறுவனம் ஏன் இவ்வளவு அடக்கமாக இருக்கிறது என்று புரியவில்லை. எங்கள் ஊரில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களைக் கேட்டால், அப்படி ஒரு உப்பை அரசே விற்றது என்பது பலருக்குத் தெரியாது.

விலை வித்தியாசம் எவ்வளவு என்று பார்ப்போம். சென்னைக் கணக்குப்படி கிலோவுக்கு 29 ரூபாய். மாதம் ஒரு கிலோ வைத்தால் வருடத்துக்கு 348 ரூபாய். ரேஷனில் துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கொடுக்கிற மாநிலம் இது. ஒரு லிட்டர் பாமாயிலுக்கு அரசு கைக்காசு போடுவதைப் பார்த்தால், பிரஷர் உள்ள ஒரு குடும்பத்தின் உப்புக்குப் போடுவது பெரிய சுமையாகத் தெரியவில்லை. ஒரு பக்கவாத நோயாளியை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு வாரம் வைத்துப் பார்க்க ஆகும் செலவு உங்களுக்குத்தான் தெரியும். 2020-ல் இங்கே எடுத்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் அழுத்தம் இருந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகத் துணிந்த அரசு, கூடவே ஒரு பாக்கெட்டையும் பையில் போட்டால் என்ன?

எல்லா ரேஷன் கடையிலும் உப்பை ஒரேயடியாக மாற்றிவிடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். இதில் ஓர் அபாயம் உண்டு, அதை மறைத்துவிட்டு எழுதினால் அது விளம்பரமாகிவிடும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும், உயிருக்கே ஆபத்து. ஸ்பைரனோலாக்டோன் போன்ற, பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இந்த உப்பைத் தொடக்கூடாது. எனலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும். சீன ஆய்விலேயே தீவிர சிறுநீரக நோய் உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களை விலக்கித்தான் சொன்னது. நம் மாநிலத்தில் விவசாய வேலை செய்கிறவர்களிடையே, சர்க்கரையும் பிரஷரும் இல்லாமலே சிறுநீரக நோய் வருவதாக ஆய்வு வந்திருக்கிறது. பலருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லார் வீட்டுக்கும் கொடுக்கிற பொருள் அல்ல இது.

ஆனால் யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று பிரிக்கிற ஆள்பலம் உங்களிடம்தான் இருக்கிறது. தன்னார்வலரின் நோட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தச் சோதனை ஒன்று எடுத்து, வீட்டில் மற்றவர்களையும் விசாரித்து, "இந்த வீட்டுக்குச் சரி" என்று அட்டையில் முத்திரை வைத்தால் போதும். ஒரே சட்டியில் சமைக்கிற வீடு என்பதால் நோயாளியை மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. இதை முதலில் ஒரே ஒரு வட்டாரத்தில் செய்து பாருங்கள். அயோடினை மட்டும் மறந்துவிடாதீர்கள். பிரஷரைக் குறைக்கப் போய்க் கழுத்துக் கழலையைக் கொண்டுவந்துவிடக் கூடாது.

விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை இருக்கிறதே என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். இருக்கிறது. உப்பை மிகவும் குறைத்தாலும் ஆபத்து, 7.5 முதல் 15 கிராம் வரை சாப்பிடுகிறவர்கள்தான் நன்றாக இருக்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வு ஒன்று 2014-ல் சொன்னது. அந்தக் கணக்கில் என் கடை வாடிக்கையாளர்கள் எல்லாரும் தப்பித்துவிடுவார்கள். ஆனால் அதில் உப்பைக் கணித்தது ஒரே ஒரு முறை பிடித்த சிறுநீரை வைத்து. நேற்றுக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவரையும் நேற்றுக் காய்ச்சலில் கஞ்சி குடித்தவரையும் அப்படி எடை போட முடியுமா? ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் சாப்பாடு குறைந்தவர்கள் உப்பும் குறைவாகத்தான் சாப்பிட்டிருப்பார்கள். சீனாவில் யாரையும் கணிக்கவில்லை. உப்பைக் கொடுத்துவிட்டுப் பக்கவாதத்தை எண்ணினார்கள். எனக்கு இரண்டாவதுதான் கடைக்காரன் நம்புகிற கணக்கு.

பாக்கெட் தின்பண்டங்களைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, அது தில்லியில் இருக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வேலை. நூடுல்ஸ் பாக்கெட்டின் பின்னால் எறும்பு எழுத்தில் சோடியம் இத்தனை மில்லிகிராம் என்று போட்டால் யாருக்குப் புரியும்? அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்பு. எழுபது கிராம் பாக்கெட் ஒன்றிலேயே சுமார் 2 கிராம் உப்பு வந்துவிடும் என்று நான் பெருக்கிச் சொன்னால் தாய்மார்கள் நம்ப மறுக்கிறார்கள். பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே எச்சரிக்கை போட வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அது வருகிறபோது வரட்டும். வாலிநோக்கம் நம் கையில் இருக்கிறது.

கடைசியாக வியாபாரம். ரேஷனில் கொடுப்பது உங்கள் முடிவு. அதுவரை, அரசு உப்பை எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கும் தாருங்கள். ஒரு மூட்டைக்கு என்ன விலை, கிலோவுக்கு எத்தனை காசு கமிஷன், குறைந்தது எத்தனை மூட்டை எடுக்க வேண்டும், நீர்த்த பாக்கெட்டைத் திருப்பி எடுப்பீர்களா என்று எழுதி அனுப்புங்கள். கிலோ பாக்கெட்டோடு அரை கிலோ பாக்கெட்டும் வேண்டும், இரண்டு மடங்கு விலைச் சரக்கை முதல் தடவை யாரும் கிலோவாக எடுக்கமாட்டார்கள். பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே, "சிறுநீரக நோய் உள்ளவர்கள் பயன்படுத்தக் கூடாது" என்று பெரிய தமிழ் எழுத்தில் இருக்கட்டும். அதே வாசகத்தை அட்டையில் எழுதிக் கல்லாப்பெட்டிக்கு மேலே நானும் மாட்டிவிடுகிறேன். முதல் லோடுக்கு ரொக்கம் தருகிறேன், கடன் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மளிகைக்கடைக்காரர்